ஒத்து ஊதியவர்

புளியங்குடியில் நடைபெற்ற தலைமைப் பண்புப் பயிற்சி முகாமைப் பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு எங்கள் திட்ட அலுவலர் பணித்தார். முகாமின் அறிக்கை இம்மலரின் வேறொரு பக்கத்தில் வெளிவருகிறது. யார் யார் வந்தார்கள், யார் யார் உரையாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அறிக்கையில் இடம்பெறாத ஒன்றை, இடம்பெறவும் முடியாத ஒன்றை, நான் இங்கே எழுதுகிறேன்.

சனி, ஞாயிறு என இரண்டு நாள் முகாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்துள்ள மாணவ மாணவியர் பல கல்லூரிகளிலிருந்தும் வந்திருந்தனர். மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில், வாசுதேவநல்லூருக்கும் கடையநல்லூருக்கும் இடையே உள்ளது புளியங்குடி. எலுமிச்சைச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். நான் பிறந்த ஊரும் அதுவே. முகாம் நடந்த பள்ளி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரந்தான். ஆயினும் இரவு முகாமிலேயே தங்க வேண்டும் என்பது விதி. பாயும் போர்வையும் சுமந்து புறப்பட்டபோது, வெளியூர் போகிறவனைப் போலத் தாத்தா வாசல்வரை வந்து வழியனுப்பினார். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நேரம். மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது.

தொடக்க விழாவில் திட்டத்தின் வரலாற்றைச் சொன்னார்கள். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு இத்திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு மாணவன் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னம் கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தையும் குறிக்கும். 'நான் அல்ல, நீ' என்பது குறிக்கோள். இவற்றையெல்லாம் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று என் மனத்தில் 'நீ' இல்லை. 'நான்' தான் இருந்தது. வரும் ஆண்டு மாணவர் தலைவராக என்னைத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற ஆசையோடுதான் முகாமுக்குச் சென்றேன்.

பிற்பகலில், வெளியூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஒருவர் பேசினார். நகைச்சுவை ததும்பப் பேசக்கூடியவர். நேரம் போனதே தெரியவில்லை. பேச்சின் உச்சத்தில் ஒரு கேள்வி கேட்டார்: "வாழ்க்கையில் நீங்கள் நாயனம் வாசிக்கப் போகிறீர்களா, அல்லது கடைசிவரை எவனுக்காவது ஒத்து ஊதிக்கொண்டே இருக்கப் போகிறீர்களா?" கன்னத்தை உப்பவைத்து, கண்ணை உருட்டி, ஒத்து ஊதுபவரைப் போல நடித்தும் காட்டினார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. என் தாத்தா ஒத்து ஊதியவர்.

ஒத்து என்றால் என்னவென்று இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாது. சொல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது, அதுவும் வசையாக. கருவி மறைந்துவிட்டது. பார்வைக்கு அது நாதஸ்வரம் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் கிடையா. அடிப்பக்கத்தில் மட்டும் சில துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் நாதஸ்வரத்தின் சுருதிக்கு ஏற்பச் சரிசெய்துகொள்வார்கள். அதில் ஒரே ஒரு சுரந்தான் வரும். கச்சேரி முடியும்வரை அந்த ஒரு சுரத்தை விடாமல் ஊத வேண்டும். மூச்சு வாங்குவதற்காக நிறுத்தவும் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி அதை ஊதிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் அடுத்த மூச்சை இழுக்க வேண்டும். பயிற்சியாளர் நடித்துக் காட்டிய அந்த உப்பிய கன்னத்துக்குள் இத்தனை வித்தை இருக்கிறது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை நாதஸ்வர மேடைக்குக் கொண்டுவந்தார். பின்னர் சுருதிப் பெட்டி வந்தது. ஊர்க் கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒத்துக்காரருக்கு வேலை குறைந்து, நாளடைவில் இல்லாமலே போயிற்று. தாத்தா சில காலம் தாளம் போட்டார். அதன்பின் எலுமிச்சைச் சந்தையில் மூட்டை தூக்கினார். அவருடைய ஒத்து இன்றும் எங்கள் வீட்டுப் பரணில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றிக் கிடக்கிறது.

அன்றிரவு பள்ளி வகுப்பறையில் பாயை விரித்துப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுந்து போய்ப் பயிற்சியாளரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் தாத்தா ஒத்து ஊதினார் என்று சொன்னால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பது நம் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்றுதான் பேச்சு போகும். முதலாம் ஆண்டிலிருந்து இதுவரை அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காமலே வந்திருக்கிறேன். அதனால் பேசாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வாய்க்கால் ஒன்றைத் தூர்வாரும் பணி. எங்களைக் குழு குழுவாகப் பிரித்தார்கள். முதல்நாள் கேட்ட பேச்சின் சூடு ஆறவில்லை. எங்கள் குழுவில் எல்லோருமே தலைவர்கள். ஒருவர் இந்தப் பக்கம் வெட்டு என்றார். ஒருவர் அந்தப் பக்கம் கொட்டு என்றார். நான் ஒரு மேட்டில் நின்றுகொண்டு இருவருக்கும் மேலாகக் கத்தினேன். அரை மணி நேரத்தில் பத்துச் சட்டி மண்கூட மேலே ஏறவில்லை.

வேறு கல்லூரி மாணவி ஒருத்தி எங்கள் வரிசையின் நடுவில் நின்றிருந்தாள். அவள் யாருக்கும் எந்தக் கட்டளையும் இடவில்லை. தன் கைக்கு வந்த சட்டியை வாங்கி, அடுத்தவரிடம் கொடுக்கும்போது ஒரே குரலில், ஒரே வேகத்தில், "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணத் தொடங்கினாள். முதலில் அவளுக்கு இரு பக்கமும் நின்றவர்கள் அந்த வேகத்துக்கு வந்தார்கள். சிறிது நேரத்தில் வரிசை முழுவதும் வந்துவிட்டது. மம்பட்டி பிடித்தவன்கூட அவள் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் வெட்டினான். நானும் மேட்டிலிருந்து இறங்கி வரிசையில் நின்றேன். சாப்பாட்டு வேளைக்குள் எங்கள் பங்கு முடிந்துவிட்டது. அந்த எண்ணிக்கை மட்டும் என் காதைவிட்டுப் போகவில்லை. பரணில் கிடக்கும் குழலின் ஓசை இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியது.

பிற்பகலில், ஆங்கிலத்துறை விரிவுரையாளர் ஒருவர் அயல்நாட்டு மாணவர் அமைப்புகளைப் பற்றிப் பேசினார். அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற ஊர்க் கல்லூரியில், 1919இல் இசைக்குழு மாணவர் பத்துப்பேர் 'கப்பா கப்பா சை' என்ற சங்கத்தைத் தொடங்கினார்களாம். மாணவியருக்காக 1946இல் 'டௌ பீட்டா சிக்மா' என்ற சங்கம் பிறந்தது. 1977 முதல் இரண்டிலும் இருபாலாரும் சேரலாம். இவர்களுடைய நோக்கம் தங்கள் கல்லூரி இசைக்குழுவுக்குத் தொண்டு செய்வது. குழு நன்றாக வாசிப்பதற்கு வேண்டிய பின்னணி வேலைகளைச் செய்கிறார்கள். அந்த வேலைக்கே தலைமைப் பயிற்சி தந்துகொள்ள, நம்மைப் போல அவர்களும் வார இறுதிகளில் கூடுகிறார்கள். பிறர் வாசிப்பதற்குத் துணைநிற்பதை அவர்கள் நெஞ்சில் சின்னமாக அணிந்து பெருமைப்படுகிறார்கள். நாமோ அதை வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) பெயர் நம் நெல்லைச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். நாயனக்காரர்களின் பக்கத்தில் நின்று சுருதி சேர்த்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நிறைவு விழாவில் ஆளுக்கு ஒரு நிமிடம் பேச வாய்ப்பளித்தார்கள். ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. பயிற்சியாளர் முன்வரிசையில் புன்னகையோடு அமர்ந்திருந்தார். "என் தாத்தா ஒத்து ஊதியவர்" என்ற சொற்கள் தொண்டைவரை வந்தன. ஆனால் நான் சொன்னது இதுதான்: "முகாம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது. அனைவருக்கும் நன்றி." கைதட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

இரவு வீடு திரும்பினேன். தாத்தா திண்ணையில் இருந்தார். முகாமில் என்ன நடந்தது என்று கேட்டார். மறைக்க மனமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் சிரிச்சிட்டேன் தாத்தா" என்பதையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சிரிச்சா சிரிக்கட்டும்லே. அந்தக் காலத்துலயுந்தான் சிரிச்சாவ" என்றார். "நாயனக்காரரு ஆயிரம் எடம் சுத்துவாரு. மேல போவாரு, கீழ வருவாரு. எங்க சுத்துனாலும் திரும்பி வர வீடு வேணும்லா? அந்த வீடுதாம்லே ஒத்து."

"பெட்டி வந்ததுல உங்களுக்கு வருத்தம் இல்லையா தாத்தா?"

"பெட்டி நல்லதுதான். அதுக்கு மூச்சு வாங்காது, சோறும் போட வேண்டாம். ஆனா கரண்டு போனா நின்னுபோவும். நான் நின்னதில்ல."

நண்பர்களே, தலைமைப் பண்பைப் பற்றி அந்த இரண்டு நாளில் என் குறிப்பேட்டில் பதினொரு பக்கம் எழுதினேன். தாத்தா சொன்னதைப் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதிவைத்தேன். மாணவர் தலைவர் பதவிக்கு இப்போது நான் விண்ணப்பிக்கவில்லை. அடுத்த முகாமில் வருகைப் பதிவேட்டையும் சாப்பாட்டுக் கணக்கையும் என்னிடம் தருமாறு திட்ட அலுவலரிடம் கேட்டிருக்கிறேன். பதவி வேண்டாம் என்று உதறிய தியாகமாக இதை யாரும் எண்ண வேண்டாம். ஒலிபெருக்கி கையில் இருந்தும் ஒரு சொல்லைச் சொல்ல அஞ்சியவன், தலைமை ஏற்குமுன் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

அன்று எனக்குக் கொடுத்த ஒரு நிமிடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன். விரிவுரையாளர்களும் நண்பர்களும் படிப்பார்கள். அந்த அடுத்த கேள்வியைக் கேட்க விரும்புகிறவர்கள் கேட்கட்டும்.

என் தாத்தா ஒத்து ஊதியவர்.