பெரிய டி, சின்ன டி

மறுநாள் காலை பத்து மணிக்கு புராஜெக்ட் ரிவ்யூ. முந்தின நாள் ராத்திரி பதினொன்றே காலுக்குத்தான் அவன் முதல் முறையாக கேமை எக்ஸ்போர்ட் செய்து பார்த்தான். (சிரிக்காதீர்கள் மக்களே, உங்களில் எத்தனை பேர் ஒரு வாரம் முன்னாடியே செய்து பார்த்தவர்கள்?)

கோட்டை வந்தது. சுவர், வாசல், படிக்கட்டு எல்லாம் வந்தது. எல்லாமே வெள்ளை. புதுசாகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று வெள்ளை! பாசி பிடித்த கல், காரை உதிர்ந்த செங்கல், துருப்பிடித்த கம்பிக் கதவு என்று அவனுடைய டீம்மேட் இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்த நாற்பது டெக்ஸ்ச்சரில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கோடோ எடிட்டருக்குள் ஓட்டினால் எல்லாம் அழகாக வருகிறது.

உடனே அவளுக்குப் போன் போட்டான்.

"நீ அனுப்பின ஃபைல்ல ஏதோ கோளாறு இருக்கு."

"என் மெஷின்ல வெள்ளையாத்தான் தெரியுதுன்னு அப்பவே சொன்னேன்ல?"

சொன்னாள்தான். ஒரு மாதத்துக்கு முன்னாடியே சொன்னாள். அப்போது அவன் சொன்ன பதில், "உன் லேப்டாப்ல கிராபிக்ஸ் கார்டு சரியில்ல". அவளும் நம்பிவிட்டாள். ஸ்கிரிப்ட் எழுதுகிறவன் சொன்னால் படம் வரைகிறவர் நம்பிவிடுவது எல்லா டீமிலும் நடப்பதுதான். அதற்கப்புறம், தான் வரைந்த சுவர் கேமுக்குள் எப்படி இருக்கும் என்றே பார்க்காமல் வரைந்துகொண்டிருந்தாள்.

அவன் முதலில் சந்தேகப்பட்டது சாய்கோட்டை. அதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வாரம் விண்டோஸ் பழக்கத்தில் பாத்தில் பின்சாய்கோடு போட்டு மாட்டிக்கொண்டவன் அவன். பின்சாய்கோட்டுக்கு அப்புறம் சின்ன டி வந்தால் ஸ்கிரிப்ட் அதை டேப் என்று எடுத்துக்கொள்ளும். சின்ன என் வந்தால் புது வரி. அப்புறம் 'டெக்ஸ்ச்சர்ஸ்' ஃபோல்டரும் 'நியூ வால்' ஃபைலும் எங்கிருந்து கிடைக்கும்? (1983-இல் எம்எஸ்-டாஸ் 2.0-வில் ஃபோல்டர் வசதி வந்தபோது, முன்சாய்கோடு ஏற்கனவே கமாண்ட் ஆப்ஷன்களுக்குப் போய்விட்டிருந்தது. அதனால்தான் பின்சாய்கோடு. அந்தப் பாவம் இன்னும் தொடர்கிறது.) ஆனால் இந்த முறை சாய்கோடெல்லாம் சரியாகவே இருந்தது.

பன்னிரண்டரை மணிக்குத்தான் எடிட்டரின் கீழ்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த மஞ்சள் வரிகளைப் படித்தான். மாதக்கணக்காக ஓடுகிற வரிகள். மஞ்சள் என்றால் எச்சரிக்கைதானே, சிவப்பாக வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். நீ கேட்கிற பெயரும் டிஸ்க்கில் இருக்கிற பெயரும் எழுத்தளவில் ஒத்துப்போகவில்லை, எக்ஸ்போர்ட் செய்தால் சில இடங்களில் திறக்காது என்று கோடோ தெளிவாகவே சொல்லியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஃபோல்டரை உருவாக்கியவள் அவள். அதன் பெயர் சின்ன டியில் ஆரம்பிக்கிறது. அவன் ஸ்கிரிப்டில் பெரிய டி. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஃபோல்டர். அவள் லேப்டாப்பில் இருந்தது லினக்ஸ். எக்ஸ்போர்ட் செய்யும்போது கோடோ எல்லாவற்றையும் ஒரே பிசிகே ஃபைலாகக் கட்டிவிடும், அதற்குள்ளும் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. அதனால்தான் எக்ஸ்போர்ட் செய்ததும் அவனுடைய விண்டோஸிலேயே வெள்ளை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லையே கிடையாது. ஃபைல் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது!

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினான். முப்பத்தேழு டெக்ஸ்ச்சர் வந்துவிட்டது. மிச்சம் மூன்று அவள் பங்கு, ஃபைல் பெயரிலேயே பெரிய டபிள்யூ போட்டிருந்தாள். அதை அவன் விண்டோஸிலேயே இம்போர்ட் ஃபைலோடு சேர்த்துச் சின்ன எழுத்தாக மாற்றி, கிட்டில் ஏற்றி அனுப்பினான். அவளுக்கு அந்த மூன்றும் இன்னும் வெள்ளை! விண்டோஸில் எழுத்தின் அளவு மட்டும் மாறினால் கிட் வழக்கமாகக் கண்டுகொள்ளாது. அதற்கென்று இருக்கிற கிட் எம்வி கமாண்டைக் கொடுத்துப் பெயர் மாற்றி மறுபடி அனுப்பினான்.

ஒன்றரை மணிக்கு அவளே போன் செய்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கோட்டைக்குள் நடந்துகொண்டிருந்தாள் போல.

"கிராபிக்ஸ் கார்டுன்னு சொன்னது தப்புதான்" என்றான் அவன்.

"அத விடு. அந்தப் படிக்கட்டு ஓரத்துல பாசி ரொம்பப் பச்சையா இருக்கு. மாத்தணும்."

"இப்பவா?"

"இப்பதானே பாக்குறேன்."

"சரி, மாத்தி அனுப்பு. முழிச்சிருக்கேன்."