பலப்பம் எடுக்கும் கை

ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்தரைத்துக் கரும்பலகைக்குப் பூசிவிட்டு, அது உலரும்வரை வாசற்படியில் உட்கார்ந்து, மறுநாள் ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகும் குழந்தைகளைக் குறித்து மனோராஜ்யம் செய்துகொண்டிருப்பது இந்த உத்தியோகத்தில் எனக்கு வாய்த்த சுகங்களில் ஒன்று.

வேலைக்கு வந்த புதிதில், கார்த்திகை பிறப்பதற்குள் 247 எழுத்தையும் பிள்ளைகளின் விரலில் ஏற்றிவிடுவது என்பதே என் சங்கற்பம். அதுவும் அகரத்தில்தான் தொடங்க வேண்டுமென்று பிடிவாதம். நாவுக்கு அகரம் எளிது. ஐந்து வயது விரலுக்கோ அதன் சுழியும் வளைவும் பெரும் பரீட்சை. கோட்டைக் கீழே இறக்கி வலப்பக்கம் இழுத்தால் 'ட'. முனையை மேலே தூக்கினால் 'ப'. தூக்கியதை உள்ளே வளைத்தால் 'ம'. இம்மூன்றோடு புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று ஒரு குழந்தை தானே கூட்டிப் படித்துவிடுகிறது. அப்போது அதன் முகத்தில் தோன்றும் பிரகாசத்தைக் கண்டபின் என் சம்பிரதாயத்தை மூட்டை கட்டினேன்.

இன்னொரு பிடிவாதம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. இடக்கையால் வெகு நேர்த்தியாக 'ட' எழுதிய ஒரு சிறுவனிடமிருந்து பலப்பத்தைப் பிடுங்கி வலக்கையில் திணித்தேன். ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றும் சொன்னேன். அவன் எழுதுவதையே விட்டுச் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தின்படி புதுப் புத்தகம் எங்கள் கைக்கு வந்திருந்த சமயம் அது. மலை, தலை என்று எழுதப் போனால், நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், பலகையில் பழைய யானைத் தும்பிக்கைதான் முளைக்கும். "புத்தகத்துல அப்படி இல்லையே, சார்" என்றது ஒரு குழந்தை. மாதக்கணக்காக முயன்றும் என் கை எனக்கு வசப்படவில்லை என்பதை, தும்பிக்கையை உள்ளங்கையால் அழித்துக்கொண்டிருந்த அந்தக் கணத்தில்தான் உணர்ந்தேன். திரும்பினால், அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பலப்பத்தை அவன் இடக்கையில் கொடுத்தேன். வாங்கியவன் அதை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, சரிதானா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தான்.

அது முதல், வருஷத்தின் முதல் நாளில் நான் எதுவும் கற்பிப்பதில்லை. சிலேட்டின் நடுவே பலப்பத்தை வைத்துவிட்டு நகர்ந்து நிற்கிறேன். இடக்கை நீண்டால், வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரருகே பென்சிலால் ஒரு புள்ளி. நாளைக்கென்று பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.