புதுவையும் நீலச் சட்டையும்

புதுவை நகரில் பெரிய வாய்க்காலைக் கடந்து கிழக்கே கடலை நோக்கி நடப்போர், தூமா வீதியில் தேவதூதர்களின் அன்னை ஆலயத்தைக் காண்பர். 1855-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இதனைக் கப்ஸ் கோவில் என்றே ஊரார் வழங்குவர். கப்புச்சின் குருக்களின் நினைவு அப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரிலுள்ள சிறு பூங்காவில் புனித ழான் தார்க் சிலை நிற்கிறது. இங்கு பிரெஞ்சு மொழியிலும் திருப்பலி உண்டு. அதற்கு வருவோர் வெள்ளையர் மட்டுமே என வெளியூர் அன்பர் எண்ணுவாராயின், ஒரு ஞாயிறு வந்து பார்க்கட்டும். நம்மைப் போன்ற நிறமும் நம் தமிழும் உடைய பிரெஞ்சுக் குடிமக்கள் இவ்வூரில் பலர் உளர்.

1954-இல் ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் 1962-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோர் அதன்பின் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும் என்பது விதி. அண்ணன் எழுதித் தந்தார், தம்பி தரவில்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரு நாட்டவராயினர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைச் ‘சொல்தா’ என்று இன்றும் அழைக்கிறோம். பேரப்பிள்ளைகளோ பாரிசைச் சூழ்ந்த புறநகர்களில் குடியேறிவிட்டனர்.

இத்தகைய ஊருக்கு உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தின் இறுதிச் சுற்றுகள் வெறும் விளையாட்டல்ல. (முட்டை வடிவப் பந்தால் ஆடும் ரக்பியை இங்கு அறிந்தோர் குறைவு. 2023 அக்டோபரில் உலகக் கோப்பைக் காலிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 28-க்கு 29 என ஒரே புள்ளியில் பிரான்சு வீழ்ந்தபோது, நமக்கு நள்ளிரவு கடந்துவிட்டது. பலருக்கு அச்செய்தி உறவினர் தொலைபேசி வழியாகவே எட்டியது.)

2022 டிசம்பர் 18 திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. பிரான்சும் அர்ஜென்டினாவும் மோதிய இறுதியாட்டம் இரவு எட்டரைக்குத் தொடங்கியது. தாத்தா நீலச் சட்டைக்காரர் பக்கம். மெஸ்ஸியின் பெயரையே செபமாலை போல் உருட்டும் பேரன் அர்ஜென்டினா பக்கம். “நம் பாப்பரசரின் நாடல்லவா?” என்று பேரன் வாதிட்டால் தாத்தா என் செய்வார்! அர்ஜென்டினாவில் பிறந்த, அந்நாள் திருத்தந்தை பிரான்சிசோ, 1990-இல் தேவமாதாவுக்குச் செய்த நேர்ச்சையின்படி தொலைக்காட்சியே பார்க்காதிருந்தார். அவ்வாட்டத்தையும் அவர் காணவில்லை.

எண்பதாம் நிமிடம் வரை இரண்டு கோல் பின்தங்கிய பிரான்சு, எம்பாப்பே ஒரு நிமிட இடைவெளியில் அடித்த இரு கோல்களால் உயிர்த்தெழுந்தது. பின்னர் 3–3. தண்ட உதைகளில் 4–2 எனத் தோற்றது. கோமான் உதைத்த பந்து தடுக்கப்பட்டது. சுவாமேனியின் பந்து வெளியே சென்றது.

தோல்வியைப் புதுவை தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதது அதன்பின் வந்தது. பாரிசில் பிறந்த கோமானையும் ரூவானில் பிறந்த சுவாமேனியையும் அவர்தம் கறுப்பு நிறத்தைச் சொல்லிச் சமூக வலைத்தளங்களில் பலர் இழித்துரைத்தனர். கோமான் ஆடிய பாயர்ன் மியூனிக் கழகம் அதனைக் கண்டித்தது. கோப்பை கைக்கு வந்திருந்தால் அந்நிறத்தைப் பற்றி ஒருவர் வாய் திறந்திருப்பாரா? கடற்கரை வீதியில், 1914–18 போரில் பிரான்சுக்காக மாண்ட பிரெஞ்சிந்திய வீரருக்கு நினைவுச் சின்னம் நிற்கிறது. அவர்களும் இந்நிறத்தவரே.

நானறிந்த மூதாட்டி ஒருவர், கிறிஸ்து பிறப்புக்கென ரவையும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்த்து விவிக்கம் செய்துகொண்டிருந்தவர், மறுநாள் பாரிசிலுள்ள பேரனை அழைத்து, “நீயும் கறுப்புதானடா, இரண்டு நாள் வெளியே தலைகாட்டாதே” என்றார். அன்று மாலை வீரர்களை வரவேற்கக் கொன்கோர்து சதுக்கத்தில் பல்லாயிரவர் திரள்வதாயும், தானும் போவதாயும் அவன் சொன்னான். வேண்டாமென்று மன்றாடினார், கேட்கவில்லை. வீரர்கள் மாடத்தில் தோன்றியபோது நமக்கு நள்ளிரவு தாண்டியிருந்தது. அவன் திரும்பி வந்து பேசும்வரை, பாட்டி செபமாலையோடு விழித்திருந்தார். தொண்டை கட்டிப்போன குரலில் அவன் கேட்டது, விவிக்கத்தில் தனக்கொரு துண்டு எடுத்து வைத்தாயிற்றா என்பதே.