ரெண்டே முக்கால் சென்ட் விவசாயம்!

ஒத்தக்கடைல இருந்து வர்றேன்னு சொன்னா போதும்... கிளாஸ்ல முதல் கேள்வியே, "அக்ரி காலேஜ் பக்கமா?"ங்கிறதுதான். 1965-ல ஆரம்பிச்ச வேளாண்மைக் கல்லூரி யானைமலைக்குப் பக்கத்துல இருக்கிறதால, எங்க ஊர்ப் பசங்க எல்லாரும் பிறக்கும்போதே மண்வெட்டியோட வந்த மாதிரி ஒரு நினைப்பு. நான் பி.காம். பாஸ்! டெபிட், கிரெடிட் தவிர வேற பயிர் எதுவும் தெரியாது. அதாவது, அப்பத்தா எங்ககூட வந்து தங்குற வரைக்கும்.

நாங்க இருக்கிறது வாடகை வீடு. பக்கத்துல ஒரு காலி மனை. ரெண்டே முக்கால் சென்ட், ஏறக்குறைய 1,200 சதுர அடி. குப்பை கொட்டாம, சீமைக்கருவேலம் மண்டாம பார்த்துக்கிட்டா சரின்னு மனைக்காரர் தலையாட்ட, ஆடி மாசமே அப்பத்தா விதையைப் போட்டாச்சு. நான் சம்பளம் இல்லாத பண்ணையாள்!

காலைல அஞ்சே முக்காலுக்கு டியூட்டி. அரிசி களைஞ்ச தண்ணி கறிவேப்பிலைக்கு, பாத்திரம் அலசின தண்ணி வாழைக்கு, குடத்துத் தண்ணி நாத்துக்கு. அப்புறம் மிளகாய் இலையை ஒவ்வொண்ணா திருப்பிப் பார்க்கணும். அசுவினி அடியிலதான் குடும்பம் நடத்தும். எறும்பு வரிசையா மேலே ஏறினாலே உஷாராகிடணும். அசுவினி கழிக்கிற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதை மாடு மாதிரி மேய்க்குது. ஒரு லிட்டர் தண்ணில ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கின பிறகு அடிக்கணும். பொறிவண்டு உட்கார்ந்திருந்தா அந்தச் செடிக்கு லீவு. அது நம்மாளு, அசுவினியைத் தின்னே தீர்த்துரும்.

வெண்டைக்குப் பொறுமையே கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிச்சே ஆகணும். நுனி 'டக்'னு ஒடிஞ்சா சமையலுக்கு, வளைஞ்சா முத்தல். முத்தினதையும் செடில விடக் கூடாதாம். விதை வந்துருச்சுன்னு செடி திருப்திப்பட்டு, பூ வைக்கிறதைக் குறைச்சுக்கும். புடலைக்கு நேர் எதிர் கவனிப்பு. பிஞ்சு நுனில நூல் கட்டி ஒரு சின்னக் கல்லைத் தொங்க விட்டா, சுருளாம நேரா இறங்கும். பாகலைப் பத்தி நெட்டுல படிச்சேன். எங்க மதுரை ஆராய்ச்சியாளர்கள் விதைமேல காமாக் கதிர் பாய்ச்சி 'எம்.டி.யூ. 1'னு ஒரு பாகல் ரகத்தையே உருவாக்கியிருக்காங்க. ஹாலிவுட்ல காமாக் கதிர் பட்டா ஹல்க் வர்றான், மதுரைல பாகக்கா வந்திருக்கு!

ஆனா, தோட்டத்தோட ஹீரோ இவங்க யாரும் இல்ல. பந்தல் அவரை. சொந்த ஊர்ல இருந்து அப்பத்தா முந்தானைல முடிஞ்சு எடுத்துட்டு வந்த விதை. ஆடில முளைச்சது ஆவணில பந்தலை மூடிருச்சு. பார்த்தா வெறும் இலை! பூ மருந்துக்குக்கூட இல்ல. விசாரிச்சா, பழைய பந்தல் ரகங்கள் பகல் பொழுது குறைஞ்சாதான் பூக்குமாம். மதுரைல வருஷத்தோட மிக நீளமான பகலுக்கும் மிகக் குட்டியான பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வித்தியாசம். நமக்கு அது உறைக்கவே உறைக்காது. அந்தக் கொடிக்கு உறைக்குது. வருஷம் பூரா காய்க்கிற குத்து அவரை ரகங்களும் இருக்குன்னு சொன்னேன். "அது வேற வெஞ்சனம், இது வேற வெஞ்சனம்"னு முடிச்சிருச்சு.

புரட்டாசில மனைக்காரர்கிட்ட இருந்து போன். "தை பிறந்ததும் வானம் தோண்டுறோம்மா. அதுக்குள்ள எடுத்துக்கங்க."

அவரைச் சொல்லியும் குத்தமில்ல. 2004 ஜூலைல ஹைகோர்ட் கிளை பக்கத்துல வந்ததுல இருந்தே இந்தப் பக்கம் மனை சும்மா கிடக்கிற சாமானா என்ன? நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். கார்த்திகைல பூத்தா, பிஞ்சு திரண்டு காயாக மூணு வாரம். நல்லா காய்க்கிற காலம் மாசி வரைக்கும் போகும். நமக்குக் கிடைக்கிறது முழுசா ஒரு மாசம்கூட இல்ல. பாதி மகசூல் அவுட்!

"அப்பத்தா, அவுக வெட்டித்தான் போடப் போறாக. இனிமே எதுக்குத் தண்ணி?"

"பரிட்சைக்கு முதநாள் நீ சோறு திங்காமலா இருக்க? ஊத்துய்யா."

ஊத்தினேன். ஐப்பசி அடைமழைல பந்தக்கால் ஒண்ணு சாய்ஞ்சு, நட்டநடு ராத்திரில குடையைப் பிடிச்சுக்கிட்டு முட்டுக் கொடுத்தோம். கார்த்திகை கடைசில ஊதா நிறத்துல கொத்துக் கொத்தா பூ. தெருவிளக்கை ஒட்டின ரெண்டு கொடி மட்டும் அசையவே இல்ல. ராத்திரி நீளம்தான் அதுக்குக் கணக்கு, இருட்டே கிடைக்கலைன்னா எப்படிப் பூக்கும்? அப்பத்தாவுக்கு இந்தத் தியரி எல்லாம் தேவைப்படல. "மூஞ்சில லைட்டு அடிச்சா உனக்குத் தூக்கம் வருமா?" அவ்வளவுதான்.

முதல் பறிப்பு ஒரு டிபன் பாக்ஸ்ல பாதி. அதையும் மூணு வீட்டுக்குப் பங்கு வச்சிருச்சு. மார்கழில ரெண்டு நாளைக்கு ஒரு தடவை முக்கால் கிலோ. கடை விலைக்குக் கூட்டிப் பார்த்தா, என் ஒரு மாச பஸ் செலவுக்கே பத்தாது. ஆனா அந்த மாசம் மட்டும், எங்க தெருவுல யார் வீட்டுக்குப் போனாலும் "அவரைக்கா பேரன் வந்திருக்கான்"னு காபி தம்ளரோட வந்தாங்க. இந்த ஊருக்கு வந்த புதுசுல அப்பத்தாகிட்டப் பேசக்கூட ஆள் கிடையாது. வாசல்ல உட்கார்ந்து போற பஸ்ஸை எண்ணிக்கிட்டு இருந்த மனுஷி அது.

பொங்கக் கூட்டுக்கு எங்க அவரைதான். மறுவாரமே மனைக்காரர் இன்ஜினீயரோட வந்து, நூல் பிடிச்சு சுண்ணாம்புக் கோடு போட்டுட்டார். வெண்டை, மிளகாய் எல்லாம் கோட்டுக்குள்ள. அப்பத்தா கோட்டை ஒட்டியே ஒரு சுத்து நடந்து வந்துச்சு. மேற்கு ஓரத்துல, பந்தக்கால்கிட்ட நின்னுச்சு.

"ஏப்பா, உங்க சுவத்துக்கும் வேலிக்கும் நடுவுல எம்புட்டு விடுவீக?"

"மூணடிம்மா."

"அதுல சிமென்ட் பூசப் போறீகளா, மண்ணாத்தான் கிடக்குமா?"

அவர் இன்ஜினீயரைப் பார்த்தார். இன்ஜினீயர் பிளானைப் பார்த்தார். பதில் இன்னும் வரல. முத்தவிட்ட நெத்தை உடைச்சு, விதையைச் சாம்பல்ல புரட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருக்கோம். ஆடிக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு.