நெடுந்தீவில் விருந்தினரும் நாங்களும்

சுற்றுலா என்றால் பெரிய ஹோட்டலும் வெள்ளைக்காரரும் என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். அது எங்கள் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் வந்து சேரும் விடயம் என்பதை நெடுந்தீவுப் பெண்களாகிய நாங்கள் இப்போது அனுபவத்தில் காண்கிறோம்.

எங்கள் தீவு யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடல் நடுவே உள்ளது. பரப்பளவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் வரை பஸ்ஸில் வரவேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகுப் பயணம். பழைய கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்க மரம், மட்டக் குதிரைகள், சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் ஆகியவற்றைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலானோர் காலைப் படகில் வந்து பின்னேரம் திரும்புபவர்கள். சிலர் இரவு தங்குவதும் உண்டு.

நான் வன்னியில் வாழ்க்கைப்பட்டு, 2009 இல் கணவரை இழந்து, முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளுடன் 2010 இல் அம்மா வீட்டுக்குத் திரும்பியவள். கோழி வளர்த்தேன், பாய் இழைத்தேன், கருவாடு போட்டேன். எதிலும் நிலையான வருமானம் வரவில்லை. ஒருநாள் பார்க்க வந்த ஒரு குடும்பம் படலையில் நின்று, "அக்கா, சாப்பாடு எங்க எடுக்கலாம்?" என்று கேட்டது. அன்று வீட்டில் இருந்த சோற்றையும் மீன் குழம்பையும் கொடுத்தேன். இப்போது முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டு வருவோருக்கு மதியச் சாப்பாடு செய்கிறேன். சோறு, மீன் குழம்பு, முருங்கைக்காய்க் கறி, கேட்டால் ஒடியற் கூழ்.

வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது மூன்று காரியங்கள்தான். குடிக்க நல்ல தண்ணீர், சுத்தமான மலசலகூடம், திரும்பிப் போகப் படகு. யோசித்துப் பார்த்தால், இந்த மூன்றையும்தான் ஊர்ப் பெண்களும் ஆண்டாண்டு காலமாகக் கேட்டு வந்திருக்கிறோம்.

தண்ணீரைத்தான் முதலில் சொல்லவேண்டும். எங்கள் கிணறுகள் பல உவர். நன்னீருக்குப் பெயர்போனது சாராப்பிட்டிப் பக்கம். புலம்பெயர்ந்த எங்கள் சனம் அதிகமாக வருவது ஓகஸ்ட் மாதத்தில். அங்கே பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான். இங்கே அதுதான் கிணறு வற்றும் காலம். ஒரு விருந்தினர் ஒரு தடவை குளிக்கும் தண்ணீரில் எங்கள் வீட்டுச் சமையல் இரண்டு நாளைக்கு நடக்கும். அதனால் குடிக்கவும் சமைக்கவும் நன்னீர், குளிக்க உவர்க்கிணறு என்று வாளியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன். சொன்னால் விளங்கிக்கொள்கிறார்கள், யாரும் கோபித்ததில்லை.

அடுத்தது கடல். அந்த மாதங்களில் சோளகக் காற்றும் பலமாக வீசும். விருந்தினர் படகு தவறினால் ஒருநாள் அலைச்சலோடு போய்விடும். எங்களுக்கு அப்படியல்ல. இங்கே வைத்தியசாலை உண்டு என்றாலும், கடுமையான நோயாளியை அக்கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பிரசவ நாள் நெருங்கினால் கர்ப்பிணிகள் பலர் முன்கூட்டியே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் போய்த் தங்குகிறார்கள். 1985 மே 15 இல் குமுதினிப் படகில் சென்ற எம்மவர்களில் பலர், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது. பார்க்க வருபவர்கள் கேட்டால் சொல்கிறோம். படகு எங்களுக்கு வேடிக்கை அல்ல என்பது அப்போது அவர்களுக்கு விளங்கும்.

சென்ற வருடம் பாரிஸிலிருந்து வந்த ஒரு தங்கச்சி எங்கள் வீட்டில் இரண்டு இரவு தங்கினாள். பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களின் கதையை அவளிடம்தான் கேட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கேயும் இளம் ஆட்கள் நகரங்களுக்குப் போக, கிராமத்து வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தனவாம். அவற்றைத் திருத்தி, விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். அப்படியான வீட்டை அவர்கள் 'ஜீத்' என்கிறார்கள். 1955 இல் அதற்கென ஒரு சம்மேளனமும் அமைத்தார்கள். வீட்டுக்காரர் பக்கத்திலேயே தோட்டம் செய்துகொண்டு இருப்பார். வருகிறவர் தாமே சமைத்துச் சாப்பிடுவார். விருந்தினரால் பாண் கடை மூடாமல் தப்பிய ஊர்களும் உண்டாம். வெளியார் வீடுகளை வாங்கி விலை ஏறியதால் ஊர்ப் பிள்ளைகளுக்கே வீடு கிடைக்காமல் போன ஊர்களும் உண்டாம்.

இந்த இரண்டு பக்கமும் நாங்கள் கவனிக்க வேண்டியவை. எங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. நாளை யாராவது பணக்காரர் வந்து எல்லாவற்றையும் நடத்தினால், நாங்கள் எங்கள் சொந்த ஊரிலே கூலிக்குப் பாத்திரம் கழுவும் நிலைதான் வரும். அதற்கு முன் நாமே தொடங்கிவிட வேண்டும்.

சகோதரிகளே, கடற்கரை ஊர்களில் வாழும் உங்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு கொப்பி வையுங்கள். மீன், தேங்காய், விறகு, தண்ணீர் கொண்டுவந்த செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு தொகை போடுங்கள். நாம் தவறாமல் மறப்பது அதைத்தான். விலையை முதலே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். பெண்கள் மாத்திரம் இருக்கும் வீடென்றால் குடும்பமாக வருவோரையே இரவு தங்க விடுங்கள். அயல் வீட்டுக்கும் கிராம அலுவலருக்கும் தெரியப்படுத்துங்கள். நான்கைந்து பெண்கள் சேர்ந்து முறை வைத்துச் செய்தால் ஒருவர் நோயில் விழுந்தாலும் வேலை நிற்காது. எங்கள் மாதர் சங்கத்தில் அப்படித்தான் செய்கிறோம்.

இன்னொன்று. சுற்றுலாவுக்கென்று ஊரில் கூட்டம் வைத்தால் தவறாமல் போங்கள். துறைமுகத்தில் மலசலகூடம், நேரத்துக்குப் படகு, கோடையில் தண்ணீர் என்று கேளுங்கள். வருகிறவர்களுக்காகச் செய்து தரும் வசதி அவர்கள் போனபின்பும் இங்கேதான் இருக்கும். அதை வருடம் முழுவதும் பாவிக்கப் போவது நாங்களும் எங்கள் பிள்ளைகளும்தான்.