பூ இல்லாத மாதங்களுக்கு நடுவோம்

மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தேனீ வளர்ப்புக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. ஊரகச் சீரமைப்பு மையம் இங்குள்ள சிறு விவசாயிகளுக்கு மரப்பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. இன்று குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் நிற்கும் சிறு பெட்டிகளுக்கு அதுவே தொடக்கம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தேன் எடுக்கும் மாசி, பங்குனியில்தான் வருவார்கள். நான் மழை மாதங்களில் போனேன். ஒரு தொழில் எங்கே தேய்கிறது என்பது அதற்கு வருமானம் இல்லாத நாட்களில்தான் தெரியும். அங்கே பார்த்ததும் கேட்டதும் ஒரே முடிவுக்குத்தான் கொண்டுவந்தன: தேனீக்களுக்காக நடுகிறோம் என்றால், எந்த மாதத்தில் பூ இல்லையோ அந்த மாதத்துக்கு நட வேண்டும்.

ரப்பர் தேன் ரப்பர் பூவிலிருந்து வருவதில்லை. மார்கழி, தை வாக்கில் இலை உதிர்ந்து புதுத் துளிர் விடும்போது, காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறுகிறது. தேனீக்கள் அதைத்தான் உறிஞ்சி வருகின்றன. அந்தச் சுரப்பியில் மகரந்தம் கிடையாது. மகரந்தம் இல்லாவிட்டால் புழுக்களுக்குப் புரதம் இல்லை. புழு வளராவிட்டால் அடுத்த தலைமுறைத் தேனீ இல்லை. முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அது பெட்டிக்குள் வேலை முடித்து வெளியே இரை தேடப் பறக்க இன்னும் இரண்டு, மூன்று வாரம் போகும். ஆக, தை மாதத் துளிரில் தேன் சேர்க்கப்போகும் தேனீ கார்த்திகையிலேயே முட்டையாகியிருக்க வேண்டும். அந்த முட்டைக்கும் புழுவுக்கும் மகரந்தம் தரும் பூ ஐப்பசி, கார்த்திகையில் அக்கம்பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

மழை சற்று ஓய்ந்த நேரத்தில் தேனீ வளர்ப்போர் பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்கள். தேங்காய் நாரைப் புகைத்து, மேல் பலகையை நீக்கி, புழு அறையிலிருந்து சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். நல்ல கூட்டில் புழு இருக்கும் பகுதியைச் சுற்றி மகரந்தம் நிரம்பிய அறைகள் வில்போல் வளைந்திருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, சாம்பல் நிறங்களைக் கொண்டே எந்தச் செடியில் மேய்ந்து வந்திருக்கிறது என்று அனுபவசாலிகள் கணித்துவிடுகிறார்கள். மெலிந்த கூட்டில் அந்த வில் இல்லை. ராணி முட்டையிடுவதைக் குறைத்திருக்கும். ஓரத்து அடைகள் காலியாக இருக்கும். இப்படிப்பட்ட கூட்டுக்குச் சர்க்கரைப் பாகு வைக்கிறார்கள். பாகு போதாதா என்பது நியாயமான கேள்விதான். பாகு தேனீயை உயிரோடு நிறுத்தும், ஆனால் அதில் புரதம் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியக் கூடுகளைப் பெருமளவில் அழித்த வரலாறு இங்கே எவருக்கும் மறக்கவில்லை. மழை மாதத்திலேயே மெலிந்துவிட்ட கூட்டுக்கு நோயைத் தாங்கும் வலு எங்கிருந்து வரும்?

என்ன நடுவது என்பதற்கும் தேனீ வளர்ப்போரிடமே விடை இருக்கிறது. மாதந்தோறும் புதுப் பாளை வெடிக்கும் தென்னை, மகரந்தத்துக்கு முதல் நம்பிக்கை. வேலியில் கொடிரோஸ், வரப்பில் எள், வாசலில் துளசி, இடைவெளியில் விதைத்த சூரியகாந்தி ஆகியவை அதற்குத் துணை. சூரியகாந்தி விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூப்பதால், பூக்கும் மாதத்தைக் கணக்கிட்டே விதைக்கலாம். நடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையும் ஒன்றுண்டு: தும்பையையும் தொட்டாற்சிணுங்கியையும் பூக்கும் முன்பே வெட்டியோ மருந்தடித்தோ ஒழிக்காமல் விடுவது. இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே இரை தேடுவதால், கூட்டின் பசியும் நிறைவும் அக்கம்பக்கத்து வரப்புகளின் கையில் இருக்கின்றன.

சில சென்ட் நிலம் வைத்திருப்பவர் பூவுக்கு எங்கே இடம் ஒதுக்குவார் என்று கேட்கலாம். இதற்குத் தனி நிலம் தேவையில்லை. வேலியும் வரப்பும் சாலையோரமும் ஏற்கெனவே இருப்பவை. பூச்செடி பூச்சித் தொல்லையைக் கூட்டும் என்ற அச்சம் இதைவிடப் பெரியது. சீனா, தாய்லாந்து, வியட்நாம் நெல்வயல்களின் வரப்பில் தேன் தரும் பூச்செடிகளை வளர்த்து நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. பூச்சிக்கொல்லி தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, நெல் விளைச்சல் 5 சதவீதம் கூடியது என்பது அதன் முடிவு. தீமை செய்யும் பூச்சிகளை அழிக்கும் குளவிகளுக்கும் அந்தப் பூக்களே உணவு. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பூத்திருக்கும் பகலில் மருந்தடித்தால், நாம் நட்ட செடியே தேனீக்களைச் சாவுக்கு அழைத்துவிடும். பூ நடுகிறவர் மருந்தடிப்பையும் கட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும்.

இதனால் பெட்டி வைத்திருப்பவருக்கு மட்டும்தான் லாபம் என்பதும் சரியல்ல. தக்காளி, கத்தரிப் பூவின் மகரந்தம் நுண்துளைகளுக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்க்கும் திறமை பெட்டித் தேனீக்கு இல்லை. மண்ணில் வளை தோண்டும் நீலப்பட்டைத் தேனீக்கும், பட்ட மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டுக்கும் உண்டு. பூவோடு கொஞ்சம் வெறுமண்ணும் பட்ட கிளையும் விட்டுவைத்தால் இவையும் தங்கும். காய்கறித் தோட்டத்துக்கே ஆதாயம். ஊராட்சிகளும் பள்ளிகளும் வழக்கமாக நடும் புங்கனும் வேம்பும் நல்ல மரங்கள்தாம். ஆனால் அவை கோடையில் பூப்பவை. ஆடி முதல் கார்த்திகை வரையிலான பசியை அவை தீர்க்காது. எந்த மாதம் எது பூக்கும் என்ற கணக்கு தேனீ வளர்ப்போருக்கு மனப்பாடம். மரக்கன்றுப் பட்டியல் தயாரிக்கும் முன் அவர்களை அழைத்து அந்தக் கணக்கைக் கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒவ்வொரு ஊராட்சியும் இதைச் செய்ய வேண்டும்.