எட்டிடத்தில் அடங்காதது

யாப்பிலக்கணம் கற்போர்க்கு அளவினுள் அடங்க எழுதுதல் ஒரு பெருமை. தளை வழுவாது முதன்முதல் ஒரு வெண்பாவை முடித்த அன்று நாம் கொண்ட இறுமாப்புக்கு எல்லையில்லை. அவ்விறுமாப்பு ஒரு பாலத்தைக் கெடுத்த வரலாற்றை மறையாது ஈண்டு எழுதத் துணிந்தோம். நண்பர்கள் அஞ்சவேண்டா, அது கணிப்பொறிக்குள் இருந்த பாலமே.

நம் தமையனார் பொறியியல் இறுதி வகுப்பு மாணவர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாம் வீடு சென்றிருந்தபோது, அவர் ஒரு நடைபாலத்தின் வலிமையை ஃபைனைட் எலிமெண்ட் முறையால் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு பெரும்பொருளைச் சிறு உறுப்புக்களாகப் பகுத்து, அவை கூடும் முனைகளின் இடத்தை எண்களாற் குறித்து, பாரம் ஏற்றினால் ஒவ்வொரு முனையும் எவ்வளவு அசையுமெனக் கணக்கிடுவதே அம்முறை. அவர் கையாண்ட மென்பொருள் நாஸ்ட்ரான் என்பது. அது 1960களில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் பொருட்டு ஆக்கப்பட்டது. அந்நாளில் எண்களைத் துளையட்டைகளிற் பொறித்தனர். அட்டை ஒன்றுக்கு 80 இடங்கள்; அவற்றை எட்டெட்டாகப் பத்துக் கட்டங்களாக்கினர். அட்டைகள் மறைந்தன; கட்டங்கள் மறைந்தில.

அதில் எண்களை எழுதும் முறை மூன்று. முதலாவது குறுங்கட்டம், ஓர் எண்ணுக்கு எட்டு இடமே உண்டு. இரண்டாவது நெடுங்கட்டம்; வரியின் பெயரை அடுத்து ஒரு நட்சத்திரக் குறியிட்டு, நடுவிலுள்ள நான்கு கட்டங்கட்கும் பதினாறு இடம் அளிப்பது. ஆயின் ஒரு வரியில் முடிவது இரு வரியாக நீளும். மூன்றாவது, காற்புள்ளியால் எண்களைப் பிரித்துச் செல்லும் தடையிலா முறை. மூன்றும் ஒரே கோப்பிற் கலந்து வரலாம்.

"தம்பி, இம்முனைகளை எழுதித் தருவாயா? முறை உன் விருப்பம்" என்று கூறித் தமையனார் வெளியே சென்றார். நாம் குறுங்கட்டத்தைத் தேர்ந்தோம். காரணம் வேறில்லை, எண்கள் நிரல்பட நிற்பது கண்ணுக்கு இனிதாயிருந்தது. அளவுகளோ நில அளவை முறைப்படி நெடுந்தொலைவிலிருந்து மீட்டரிற் கொள்ளப்பட்டவை. 1437215.4 என்பதற்கு ஒன்பது இடம் வேண்டும். தசமப்புள்ளியை நீக்கவும் இயலாது. புள்ளியில்லா எண்ணை அம்மென்பொருள் முழு எண்ணாகக் கொண்டு, மெய்யெண் வேண்டிய இடத்தில் ஏலாது. ஆகவே புள்ளியை வைத்துக்கொண்டு அதன் பின்னிருந்ததை வெட்டினோம். எண் எட்டிடத்தில் அழகாக அமர்ந்தது.

மாலையில் மென்பொருள் கணக்கை நிறுத்திவிட்டது. 0.4 மீட்டர் நீளமுள்ள உறுப்புக்களிற் சில, இரு முனையும் ஒன்றாகி நீளமே அற்றுப்போயின. சில ஒரு மீட்டராக வளர்ந்திருந்தன. தமையனார் சினந்திலர். "நின்றுவிட்டது நம் நல்லூழ், தம்பி. நில்லாமல் ஒரு விடை தந்திருந்தால் நான் அதை நம்பியிருப்பேன்" என்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. நடைபாலத்தின்மேல் நடப்போர் மெய்யான மாந்தர் அன்றோ?

"காற்புள்ளி முறையில் எழுதிவிடட்டுமா, அண்ணா?" என்றோம். அங்கும் நட்சத்திரக் குறி இல்லையேல் எட்டிடத்தை மீறும் மெய்யெண் சுருக்கப்படும் என்று அவர் விளக்கினார். தடையிலா முறையென்னும் பெயரை நம்பியிருந்தால் மீண்டும் வழுக்கியிருப்போம். இறுதியில், முனைகளுக்கு நெடுங்கட்டமும், முழு எண்களே வரும் உறுப்பு வரிகளுக்குக் குறுங்கட்டமும் கொண்டோம். அளவையின் தொடக்கத்தைப் பாலத்தின் அருகே மாற்றிக்கொள்ளுதலும் ஒரு வழியாம். அதனை அடுத்த முறைக்கென வைத்தார்.

அன்றிரவு எல்லா முனைகளையும் மீண்டும் எழுதுகையில் நம் பாடம் நினைவிற்கு வந்தது. ஏட்டுச்சுவடி எழுதியோர் பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விட்டனர். அதனாற் பதிப்பாசிரியர் உற்ற இடர்ப்பாட்டை வகுப்பில் எத்துணை முறை கேட்டிருக்கிறோம்! அவர்கள் புள்ளியை விட்டனர். நாம் புள்ளியை இட்டு, அதன் பின்னுள்ளதை விட்டோம். வெண்பா இயற்றுவோன் சீரில் அடங்காத சொல்லை நீக்கி, அதே பொருளுடைய வேறொரு சொல்லைப் பெய்யலாம். எண்ணுக்கு அவ்வாறு வேறு சொல் இல்லை. அடங்காதபோது மாற்றவேண்டியது கட்டத்தையே.

எழுதி முடிக்கையில் மணி இரண்டு. வரிகள் இருமடங்காகிவிட்டன, முன்போல் அழகாகவும் இல்லை. அவற்றைத் தமையனார் ஒவ்வொன்றாக ஒப்புநோக்கிய பின்னரே நாம் உறங்கச் சென்றோம்.